நிலாவில் இறங்காத மூன்றாமவன்

ஆறாம் வகுப்பில், மனிதன் நிலாவில் இறங்கியதை ஆண்டு விழா நாடகமாகப் போட்டோம். மூன்று பேர் போக வேண்டும். இரண்டு பேர் இறங்கி நடந்து, கல் பொறுக்கி, கொடி நட்டு, வசனம் பேசுவார்கள். மூன்றாவது ஆள் இறங்க மாட்டார். கப்பலிலேயே இருந்து நிலாவைச் சுற்றிக்கொண்டிருப்பார். வசனம் கிடையாது. சாருக்கு உடனே என் ஞாபகம் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தேன். மற்றவர்கள் பூமிக்குத் திரும்பிக் கைதட்டலும் வாங்கிய பிறகு, போதும் என்று யாரும் சொல்லாததால், இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. ஊரில் பாதிப் பேர் போன வழியில் நானும் துபாய்க்குப் போய், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கினேன். அங்கே யார் என்ன சொன்னாலும் தலையாட்டினால் போதும். முப்பது வயதில் நிகாஹ் முடிப்பதற்காக நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தேன். அத்தா இல்லாத வீட்டில் அக்காவும் மச்சானும்தான் பெண் தேடினார்கள். முதல் இரண்டு வீட்டிலும், மாப்பிள்ளைக்குப் பேச வருமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது பெண் பாபநாசம். புதிதாக வந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். போட்டோவில் கேமராவை நேராகப் பார்த்திருந்தாள். அது வரைக்கும் யாரையும் நேராகப் பார்க்காத எனக்கு, இந்த இடம் மட்டும் தவறிவிடக் கூடாது என்று இருந்தது.

வழக்கப்படி ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம். கூடத்தில் பேசுவது எல்லாம் அங்கே கேட்கும். பெண்ணின் அத்தாவுக்கு நெல் கமிஷன் வியாபாரம். ஒரு மணியைப் பல்லில் கடித்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். கடித்துப் பார்க்க முடியாத எதையும் நம்ப மாட்டார். கேபிள் டிவியில் எதையோ பார்த்திருந்தவர், டீ வந்ததுமே நிலாவுக்குப் போய்விட்டார். காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி ஆடும் என்று கேட்டார்.

“பிறை தெரிஞ்சுதான்னு சொல்லவே ரெண்டு பேர் சாட்சி கேக்குறோம். அதுல போயி எறங்குனதுக்கு யாரு சாட்சி? எல்லாம் பொய். என்ன தம்பி?”

“பொய்தாங்க மாமா” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதே இல்லை.

கிளம்பும்போது ஒரு தூக்குவாளி நிறையப் பலகாரம் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல சகுனம் என்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், பெண் சொல்லியனுப்பியதை அக்கா சொன்னாள்.

“அவரு நிஜமாவே நம்பலைன்னா நான் சொல்லிக் குடுத்துக்குவேன். எங்க அத்தா முகத்துக்காக அப்படிச் சொல்லியிருந்தா, அதுக்கு நான் என்ன பண்றதுன்னு கேட்டுச்சுடா அந்தப் புள்ள. நீ எதுக்காகச் சொன்ன?”

எங்கள் ஸ்டாப் வரும் வரைக்கும் நான் ஜன்னல் வழியாக நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

மறுநாள் தூக்கைக் கழுவி, நான் கொண்டுவந்திருந்த பேரீச்சம்பழத்தை நிரப்பி என் கையில் கொடுத்தாள். “பாத்திரத்த வெறுமனே திருப்பக் கூடாது. இதையே சாக்கா வச்சுக்கிட்டுப் போ. போயி வாயத் தொற. அந்தப் புள்ளைக்குக் கேக்குற மாதிரி தொற.”

பாபநாசம் போய் இறங்கி, அந்தத் தெருவை மூன்று தடவை சுற்றினேன். சுற்றுவதில்தான் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அனுபவம் உண்டே. நான்காவது சுற்றில் பெண்ணின் அத்தாவே வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டார். கூடத்துக்குள் போய், உட்காராமல், திரையைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

“நேத்து நான் சொன்னது தப்புங்க மாமா. மனுஷன் போனது நிஜந்தாங்க.”

“நேத்து பொய்ன்ன. இன்னைக்கு நிஜங்குற. நாளைக்கு?”

“நாளைக்கும் போனாங்கதாங்க. சாட்சி ரெண்டு பேர் கேட்டீங்க. எறங்குனவங்களே ரெண்டு பேருங்க.”

அவர் என்னை ஈர நெல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். “மூணு பேரு போனதா டிவில சொன்னானே. இன்னொருத்தன் எங்க?”

“அவரு எறங்கலைங்க. மேலேயே சுத்திக்கிட்டு இருந்தாரு.” அங்கே நிறுத்தியிருக்கலாம். பயத்தில் வாய் அதுபாட்டுக்குப் போயிற்று. “அது நாந்தாங்க மாமா. ஆறாவது படிக்கயில.”

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி, வாயைப் பொத்தியது போல நின்றது. காரியம் கெட்டுவிட்டது என்று ஸலாம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்ததும், பேசினாயா என்று அக்கா கேட்டாள். பேசினேன் என்றேன். அப்புறம் இது என்ன என்று என் கையைக் காட்டினாள். தூக்கு பழத்தோடு அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் மொபெட்டில் அவரே வந்தார்.

“பாத்திரத்த வாங்கிட்டு வரச் சொன்னா எம் பொண்ணு. கையோட நிகாஹ் தேதியையும் பேசிட்டு வரச் சொன்னா.” என் பக்கம் திரும்பினார். “ஆனா கொடி ஆடுனது ஆடுனதுதான் மாப்ளே. பொய்தானே?”

தலை தானாக ஆடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினேன்.

“இல்லைங்க மாமா” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அக்கா நீட்டிய தூக்கைத் திறந்து ஒரு பழத்தை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.