பலகை இடுக்கில் போன குரல்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். தரை முழுக்க மரப்பலகை. கீழே முடிதிருத்தும் கடை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவர் அங்கே வேலை செய்கிறார்.

நான் குடிவந்தது மழை மாதத்தில். அப்போது பலகைகள் இறுகிக் கிடந்தன. பிறகு வாரக்கணக்கில் வெயில் கொளுத்தியதும் மரம் காய்ந்து சுருங்கி, பலகைகளுக்கு நடுவே இடுக்கு விழுந்தது. கீழேயிருந்து பவுடர் வாசம் மேலே வந்தது. நான் பெருக்கும் தூசி கீழே போவது எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, கஸ்டமர் தலையில மண்ணு கொட்டுது."

"நான் என்ன செய்றது லா? வீட்டைப் பெருக்காம இருக்க முடியுமா?"

முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். இடுக்கை அடைத்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இப்ப அடைச்சா, மழை வந்ததும் மரம் ஊதிப் பலகை தூக்கிக்கும். கொஞ்சம் பொறுங்க, தானா மூடிக்கும்" என்றார்.

அடுத்த வாரமே சமையலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. கைப்பேசி படுக்கையறையில் இருந்தது. கத்திப் பார்த்தேன், வீதியில் போன லோரிகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கன்னத்துக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகக் கீழே வெளிச்சம் தெரிந்தது. அதில் வாயை வைத்து, "தம்பி! விழுந்துட்டேன்!" என்றேன்.

கீழே மெஷின் சத்தம் நின்றது.

"அக்கா? கதவு பூட்டியிருக்கா?"

"ஆமா."

"அசையாதீங்க. உடைச்சிட்டு வர்றேன். பேசிக்கிட்டே இருங்க."

பூட்டை உடைத்துக்கொண்டு முதலில் அவர் வந்தார். பின்னாலேயே பாதி முடி வெட்டிய வாடிக்கையாளர், கழுத்தில் கட்டிய துணியோடு. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து நான் திரும்பியபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கடை ஓய்ந்த மதியங்களில் அவர் மேலே வந்து, நான் படியிறங்கிப் பழகும்போது ஒரு படி முன்னால் நின்றார். மழை பிடித்தது, பலகைகள் மறுபடி நெருங்கின. இப்போது காய்கறி வாங்கப் பாசாருக்கு நானே நடந்து போய் வருகிறேன்.

அவர் அடுத்த மாதம் விடுப்பில் ஊருக்குப் போகிறார், இன்னும் நேரில் பார்க்காத மகளைப் பார்க்க. தையல்தான் என் தொழில். பிள்ளைக்குக் கவுன் தைக்க அளவு கேட்டேன்.

"வீடியோவுலதான்கா பாத்திருக்கேன்" என்று கைகளை அகட்டிக் காட்டினார்.

கொஞ்சம் பெரிதாகவே தைத்துக்கொண்டிருக்கிறேன்.