திறக்காத கத்தியும் கழற்றி வைத்த கவரும்

1. முதல் கேள்வி

பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் மெக்கானிக்காகச் சேர்ந்த அன்று போர்மன் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "கத்தி இருக்கா?" என்றுதான் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரியான இடத்துக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறோமா என்று வாசல் பலகையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் விஷயம் புரிந்தது. தேய்ந்த பெல்ட்டை அறுக்க, வயரின் தோலை உரிக்க, ரோலரில் சுற்றிக்கொண்ட நூலை எடுக்க, ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியைப் பிரிக்க என்று எல்லாவற்றுக்கும் மெக்கானிக்கின் பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி இருந்தாக வேண்டும். ஹார்ட்வேர் கடையில் ஒரு ஜப்பான் கத்தி வாங்கினேன். மடித்த பித்தளைத் தகடுதான் பிடி. பின்னால் வால்போல ஓர் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு வெளியே வந்துவிடும். அவ்வளவுதான் அதன் வித்தை. வேலைக்கு வேலையும் ஆயிற்று, மத்தியானத்தில் மாம்பழமும் வெட்டினேன். பழச்சாறு பட்டுப் பட்டு அலகு நீலம் பாய்ந்து கறுத்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை.

வியாதி அங்கேதான் தொற்றியது. பிறகு மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தி ஒன்று வந்தது. கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஜொகூர் பாருவில் பழைய சாமான் விற்கும் சந்தையில் ஒன்று, காஹாங்கில் தோட்டத்து வேலையை விட்டுப் போனவர் ஒருவர் கொடுத்தது ஒன்று என்று சேர்ந்து, ஓய்வு பெறும்போது இருபத்துமூன்று இருந்தன. தினமும் காலையில் அலமாரியைத் திறந்து இன்றைக்கு எது என்று யோசிப்பேன். என் மனைவி சரோஜா பசியாறலை மேசையில் வைத்துவிட்டுச் சொல்வாள்:

"மத்தவங்க வீட்டுல பொம்பளைங்கதான் என்ன சேலை கட்டுறதுன்னு இப்படி நிப்பாங்க."

கடைக்கோ கோயிலுக்கோ போகும்போது கத்தி வீட்டில்தான் இருக்கும். தொழிற்சாலைக்கு மட்டும்தான் கொண்டுபோவேன். அங்கே எல்லோருக்கும் தெரியும். டுரியான் பழமோ பார்சலோ எது வந்தாலும் "கத்தி ராஜு எங்கே?" என்றுதான் குரல் வரும். எனக்கும் அதில் பெருமைதான். ஒளிப்பானேன்?

2. விருந்தாளி வந்த நாள்

என் சேகரிப்பில் ராஜா ஒன்று உண்டு. இங்கிலாந்தில் செய்த பழைய கத்தி, மான்கொம்புப் பிடி. அதை நான் எதற்கும் பயன்படுத்தியதில்லை. எண்ணெய்கூட அளவாகத்தான் போடுவேன். ஸ்பிரிங் மிகவும் இறுக்கம். அலகின் ஓரத்தில் நகம் நுழையுமளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் நகத்தைக் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. மேனேஜர் முதல் நாளே என்னைக் கூப்பிட்டார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ராஜு, அவருக்கும் உன்னை மாதிரி கத்திப் பைத்தியமாம். நல்லதா ஒண்ணு கொண்டு வா. பேசறதுக்கு ஒரு விஷயம் இருக்கும்லா."

இது போதாதா எனக்கு? மறுநாள் ஜப்பான் கத்தி அலமாரியிலேயே தங்கியது. மான்கொம்பு பாக்கெட்டில் ஏறியது.

அன்று காலை துணி பார்க்கும் மெஷினில் எனக்கு வேலை. துணி மேலிருந்து இறங்கி விளக்கு வெளிச்சத்தில் ஓட, குறை இருக்கிறதா என்று பெண்கள் நின்று பார்ப்பார்கள். கீழே ஒரு ரோலர் அதைச் சுற்றிக்கொள்ளும். அந்த ரோலரின் செயினுக்கு கிரீஸ் போடப் பக்கவாட்டுக் கவரைக் கழற்றினேன். போட்டு முடித்து, ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. கவரை மாட்ட வேண்டியதுதான் பாக்கி, நான்கு ஸ்க்ரூ. அதற்குள் யாரோ "விருந்தாளி சீக்கிரமே வந்துட்டாரு!" என்றார்கள். நான் கவரைச் சுவரில் சாய்த்துவிட்டு, கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டேன்.

வாசலில் அந்தப் பெரியவருக்கு முன்னால் நின்று பாக்கெட்டில் கையை விட்டேன். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

ஓடினேன். மெஷினில் வேலை செய்யும் ரொஹானா, நான் வேலையை முடித்துவிட்டேன் என்று நினைத்துத் துணியை ஓட்டியிருக்கிறாள். குனிந்தபோது அவளுடைய தூடோங்கின் நுனி, தலையை மூடும் அந்தத் துணியின் நுனி, செயினில் மாட்டிவிட்டது. லைன் சூப்பர்வைசர் லெட்சுமி எமர்ஜென்சி பட்டனை அடித்து மெஷினை நிறுத்திவிட்டாள். ஆனால் தூடோங் சுற்றியது சுற்றியதுதான். ரொஹானாவின் முகம் ரோலரோடு ஒட்டிக் கிடந்தது. கழுத்து இறுகிச் சத்தமே வரவில்லை. அந்த ரோலரின் கியரைக் கையால் பின்னுக்குத் திருப்ப முடியாது.

"அண்ணே, கத்தி! கத்தி எடுங்கண்ணே!" என்று லெட்சுமி கத்தினாள்.

எடுத்தேன். நகத்தைக் கொடுத்து இழுத்தேன். விரலெல்லாம் கிரீஸ். வழுக்கியது. மறுபடியும் இழுத்தேன். நகம் ஒடிந்தது, கத்தி திறக்கவில்லை. இருபது வருடமாகத் தினமும் கத்தி சுமந்தவன், தேவைப்பட்ட நேரத்தில் ஒரு மான்கொம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். லெட்சுமி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த, பிசிறு நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்தாள். ரொஹானாவின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து, கறுக் கறுக்கென்று வெட்டினாள். ரொஹானா இருமிக்கொண்டே லெட்சுமியின் மடியில் சரிந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் கத்தி திறந்தது.

3. அரை நாள் ஹீரோ

மேனேஜரும் விருந்தாளியும் மூச்சிரைக்க ஓடி வந்தபோது கண்டது இதுதான்: அறுந்த துணி, மண்டியிட்டிருக்கும் நான், என் கையில் திறந்த கத்தி. விருந்தாளி என் தோளைத் தட்டினார். மேனேஜர், "பகுஸ், ராஜு! பகுஸ்!" என்று மெச்சினார். லெட்சுமி ரொஹானாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் அவசரத்தில் இருந்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். என் கத்தியைப்போலவே அதுவும் லேசில் திறக்கவில்லை.

மத்தியானத்துக்குள், நான்தான் அவளைக் காப்பாற்றினேன் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. கேண்டீனில் எனக்கு ஒரு கோழித்துண்டு கூடுதலாக விழுந்தது. சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ருசியாகத்தான் இருந்தது.

மாலையில் ரொஹானாவைப் பார்க்க கிளினிக்குக்குப் போனேன். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடம். எங்களோடு வேலை செய்து செய்து அவள் தமிழ் பேசுவாள். தொண்டை கட்டிய குரலில், "அண்ணே, எனக்கு அப்ப ஒண்ணும் தெரியல, நீங்கதான் வெட்டினீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. என் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். தெரிமா காசே, ரொம்ப நன்றிண்ணே" என்றாள்.

கவர் சுவரில் சாய்ந்திருந்தது என் கண்முன் வந்தது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் வெட்டல ரொஹானா. லெட்சுமிதான் வெட்டுச்சு. அதோட, கவரை மாட்டாம போனது நான்தான். நீ மாட்டுனதே என்னாலதான்."

அவள் கழுத்துத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஏன் மாட்டல?" என்று மட்டும் கேட்டாள்.

"கத்தி காட்டப் போயிட்டேன்."

இந்தப் பதிலைச் சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அலமாக், ராஜு. ரிப்போர்ட்ல உன்னைப் பாராட்டி எழுதிட்டேனே."

"மாத்தி எழுதுங்க, பாஸ்."

மாற்றி எழுதினார். லெட்சுமிக்குப் பாராட்டுக் கடிதம், எனக்கு வார்னிங் கடிதம். இரண்டும் அன்றைக்கே நோட்டீஸ் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டன. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. நானும் நின்று படித்தேன். என் பின்னால் லெட்சுமியின் குரல்:

"நீங்களா சொல்வீங்களான்னு ஒரு நாள் விட்டுப் பார்த்தேண்ணே. இன்னிக்குச் சொல்லலேன்னா நானே போயிருப்பேன்."

"எனக்கு அந்தக் கோழித்துண்டு செரிக்கல லெட்சுமி."

"செரிக்காது. அது எனக்கு வரவேண்டியது."

ரொஹானா ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். முதல் மாதம் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான். பிறகு ஒருநாள் நான் ஏதோ மெஷினில் கவரை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "சத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று ஸ்க்ரூக்களை எண்ணினாள். நான் ஓய்வு பெறும்வரை எந்த மெஷினில் என்னைப் பார்த்தாலும் எண்ணினாள். லைனிலுள்ள மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் கோபப்பட்டதே இல்லை.

இப்போது மெக்கானிக் வேலைக்குச் சேரும் தம்பிகள், தங்கைகள் சிலர் கத்தியைப் பற்றிக் கேட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். எந்தக் கத்தி நல்லது என்கிறார்கள். கிரீஸ் கையோடு திறக்க முடிகிற எதுவும் நல்லதுதான், அழகானதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அத்தோடு பேச்சை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நகம் ஒடிந்த கதையை மட்டும் சொன்னால் அது வேடிக்கைக் கதை ஆகிவிடும், தப்பு கத்தியின் தலையில் போய்விடும். அதனால் கவர் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். யார் வந்து நின்றாலும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போங்கள். வந்தவர் காத்திருப்பார். அன்றைக்கு அந்தப் பெரியவரும் காத்திருந்திருப்பார், நான்தான் கேட்கவில்லை.