மூன்றாவது சிலிண்டரின் எண்ணிக்கை

ராமநாதபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தபோது, 2008 வாக்கில், ஒரு ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகினால், எந்த சிலிண்டரில் எத்தனை தடவை பெட்ரோல் எரியாமல் போனது என்று எண்ணிக் காட்டும். அது வந்தபின், இன்ஜின் மிஸ் ஆகிறது என்று எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ஒரு விவசாயி காரைக் கொண்டுவந்தார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். வண்டியோ குலுங்கிக் குலுங்கி ஓடியது. ஸ்கேனரில் மற்ற மூன்று சிலிண்டர்களுக்கும் சுழியம். மூன்றாவதுக்கு மட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்க அதன் மேலே மாட்டியிருக்கும் காயிலைக் கழற்றினேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. துடைத்துவிட்டுப் புது பிளக் போட்டேன். எண் சுழியமானது.

அடுத்த மாதமும் அதே மூன்றாவது. காயிலையும் மாற்றினேன். அதற்கடுத்த மாதம் மதுரைக்குப் போகும் வழியில் இளையான்குடி தாண்டி வண்டி நின்றேவிட்டது. வேறு வண்டி பிடித்துப் போவதற்குள் அன்றைய டயாலிசிஸ் முறை போய்விட்டது. அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறி, வார்டில் சேர்க்கும்படி ஆயிற்று.

நாலு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். மறுநாள் மதுரைக்குப் போயாக வேண்டும். பின்சீட்டில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. அதை அவர் கணவர்மேல் காட்டினேன்.

“அண்ணே, இன்ஜின்ல தண்ணி அடிச்சுக் கழுவுனீகளா?”

“இல்ல தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி படல.”

இந்தத் தடவை ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு, காயிலைக் கழற்றி, டார்ச் அடித்து பிளக் குழிக்குள் பார்த்தேன். பாதிக் குழிக்குத் தண்ணீர் நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. காயிலின் ரப்பரில் கொஞ்சம் குங்குமமும் ஒட்டியிருந்தது. அந்தத் தண்ணீர் வழியாக மின்சாரம் கசிந்து போனால் பிளக் எப்படிப் பொறி விடும்? எங்கே எரியவில்லை என்பதைத்தான் ஸ்கேனர் சொன்னது. ஏன் என்று அது ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னதாக நான்தான் எடுத்துக்கொண்டேன்.

“தண்ணி படலன்னீகளே, இது என்னண்ணே?”

அவர் எட்டிப் பார்த்தார். “அது தண்ணி இல்ல தம்பி, தீர்த்தம்.”

அமாவாசைக்கு அமாவாசை ராமேஸ்வரம் போய், கோயில் முன்னாலிருக்கும் கடலில், அக்னி தீர்த்தத்தில், ஒரு பாட்டில் பிடித்து வருவார்களாம். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா இன்ஜினுக்குப் பொட்டு வைத்து ஊற்றுவாராம். சாமி காரியத்தை மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

“நடுவுல ஒரு பள்ளம் இருந்துச்சு, அங்கனதான் சிந்தாம நின்னுச்சு” என்றார் அந்த அம்மா. “மதுரைக்குப் போற வழியில வண்டி நின்னுறக் கூடாதுன்னுதான் ஊத்துனேன்.” என் கையிலிருந்த காயிலைப் பார்த்தார். “அப்ப, அன்னைக்கு நின்னது என்னாலயா தம்பி?”

இப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

“இல்ல மதினி. மொத மாசமே வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்துச்சு. என்னன்னு பாக்காம தொடைச்சுப் போட்டவன் நான்தான். தப்பு என்னோடது.”

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. குழியைத் துடைத்துக் காயவைத்து, காயிலை மாட்டி, பானெட்டை மூடினேன்.

“அப்ப இனிமே எங்கன ஊத்துறது?” என்று கேட்டார் அந்த அம்மா.

முன் டயரைக் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கணவர், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“இனிமே ஒந் தலையில ஊத்திக்க. வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கலாம்.”