வயலில் இறங்கிய ஹெலிகாப்டரும் மஹ்மூதா பீவியும்

மேலப்பாளையத்து மஹ்மூதா பீவிக்கு விமானம் என்ற பேச்சே ஆகாது. கணவன் நூகு வளைகுடா நாட்டில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். குடும்ப விசா கிடைத்தும் அவள் போக மறுத்துவிட்டாள். ரோட்டில் ஓடுகிற பஸ்ஸே பாதி வழியில் நின்றுவிடுகிறது, ஆகாயத்தில் நின்றால் இறங்கித் தள்ளவா முடியும் என்பது அவள் கட்சி. நூகு ஒவ்வொரு விடுப்பிலும் வந்து அதைச் சொல்லித் தெருவையே சிரிக்க வைப்பான். அவனோ விமானத்தில் ஏறி உட்கார்ந்த உடனே குறட்டை விடுகிறவன்.

தொண்ணூற்றாறில் நூகு விடுப்பில் வந்திருந்தபோது, பிசான நெல் அறுப்பு முடிந்த சமயம். குத்தகைக்கு விட்டிருந்த வயலைப் பார்க்க இருவரும் போனார்கள். வரப்பில் நின்றுகொண்டு நூகு பழைய பேச்சை எடுத்தான். நான் கூட இருக்கையில் உனக்கென்ன பயம் என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் தெற்கேயிருந்து ஒரு ஹெலிகாப்டர் வந்தது. அதன் இரைச்சல் திடீரென்று தேய்ந்து, விசிறி காற்றை வெட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. வண்டி அவர்களை நோக்கிச் சரிந்தது.

நூகு வயலை ஒட்டி ஓடிய பாளையங்கால்வாயில் பாய்ந்தான். மனைவி நினைவு தண்ணீருக்குள் போன பிறகுதான் வந்தது. மஹ்மூதாவுக்குக் கால் எழவில்லை. கலிமாவைச் சொல்லிக்கொண்டு நின்றாள். அதனால் நடந்ததை முழுவதும் பார்த்தவள் அவள் ஒருத்திதான். தரைக்குச் சற்று மேலே ஹெலிகாப்டர் மூக்கைத் தூக்கி, தூசியும் வைக்கோலும் பறக்க, அறுத்த நெல் தாளின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது.

இரண்டு பேர் இறங்கினார்கள். இளைஞன் சிரித்துக்கொண்டே இறங்கினான். மூத்தவர் வண்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர், தண்ணீர் கேட்டார். மஹ்மூதா தூக்குவாளியை நீட்டினாள். குடித்துவிட்டு அவரே சொன்னார். அவர் வாத்தியார், பையன் ஓட்டப் படிக்கிறவன்; என்ஜின் நின்றால் எப்படி இறக்குவது என்பதுதான் அன்றைய பாடமாம். பாடம் முடிந்து திரும்பும்போது என்ஜின் உண்மையிலேயே படுத்துவிட்டது. வாத்தியார் மறுபடியும் சோதிக்கிறார் என்று நினைத்து, அவர் கை வைப்பதற்குள் பையன் படித்தபடியே இறக்கிவிட்டான். விஷயத்தை அவனிடம் சொன்னதும் அவன் வரப்பில் குந்தி வாந்தி எடுத்தான்.

"என்ஜின் நின்னா கல்லு மாதிரி விழுந்துராதா?" என்று மஹ்மூதா கேட்டாள்.

"விழாதும்மா. இறங்குற வேகத்துல காத்தே விசிறியைச் சுத்திவிடும். பக்குவமா இறக்கிரலாம்."

சேறும் பாசியுமாகக் கரையேறிய நூகுவும் இதைக் கேட்டான். என்ஜின் நின்றாலும் படிக்கிற பிள்ளைகூட இறக்கிவிடுகிறதே என்று மஹ்மூதாவுக்குப் பயம் தெளிந்தது. என்ஜின் நிற்கும் என்பதே நூகுவுக்கு அன்றுதான் உறைத்தது. இத்தனை வருஷம் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை.

வீடு திரும்பும் வழியிலேயே, விசா எடுங்கள், நானும் வருகிறேன் என்றாள் அவள். பார்ப்போம் என்றான். பயண நாளில் அவனுக்கு வயிற்றுவலி. இன்னொரு தேதி வாங்கினார்கள். விமானம் ஏறத் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்ட கார், அவன் மாட்டேன் என்றதால் வள்ளியூரோடு திரும்பியது.

"அது சின்ன ஹெலிகாப்டருங்க. இது எம்மாம் பெரிய பிளேனு" என்று தைரியம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏளா, அதுக்குத் தலை மேல விசிறியாவது இருந்துச்சு" என்றான் நூகு.

விடுப்பு முடிந்தும் திரும்பாததால் தம்மாம் வேலை போயிற்று. நூகு பஜாரில் கைலி விற்கும் ஒரு சாரக் கடை வைத்தான், வியாபாரம் மோசமில்லை. இரண்டு வருஷம் கழித்து மஹ்மூதா தன் அண்ணன் சேக் முகம்மதுவோடு ஹஜ்ஜுக்குப் பறந்தாள். திரும்பி வந்தவளைக் கூப்பிட்டுவர நூகு ரயிலில் சென்னை போனான்.

ஒருநாள், துபாய்க்குப் போகிற ஒருவன் சாரம் எடுக்க வந்தான். வெளிநாட்டை ஏன் விட்டீர்கள் நூகு காக்கா என்று கேட்டான்.

"என்ன செய்ய? வீட்ல அவ பிளேனுன்னா பயப்படுதா" என்றான் நூகு.

உள்ளே சாரம் மடித்துக்கொண்டிருந்த மஹ்மூதா தலையை நிமிர்த்தவில்லை.

"தம்பி, சன்னலோரமா எடம் கேட்டு வாங்கிக்கிடுங்க" என்றாள்.