பெகோனியா இலையும் மூன்று பூனைகளும்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. செடி வளர்ப்பதோ முக்கால்வாசி காத்திருப்பதுதான். அந்தக் கோடையில் எனக்கு வாய்த்தது ஒரே ஒரு பெகோனியா. கூடவே மூன்று பூனைகள்.

பெகோனியாவைக் கொடுத்தவர் எங்கள் கல்லூரியில் பாட்டனி நடத்தும் அம்மாள். நீலகிரியிலிருந்து கொண்டுவந்தது. உள்ளங்கை அகலத்தில் மூன்றே இலைகள். நடுவில் வெள்ளி பூசினாற்போல ஒரு பட்டை, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு. "மெட்ராஸ் வெயிலில் இது பிழைத்தால் ஆச்சரியம்தான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தது என் தப்பு. இண்டர்மீடியட் முடிந்துவிட்டது, மேலே பாட்டனி படிக்க வேண்டும் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்த சமயம். வீட்டில் என் ஜாதகத்தை வெளியே எடுத்தாயிற்று.

அப்பா விண்ணப்பத் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "காலேஜ் திறக்கறப்போ அது உயிரோட இருந்தா கையெழுத்துப் போடறேன். ஒரு செடியக் காப்பாத்தத் தெரியாதவளுக்கு எதுக்குடி பாட்டனி?"

பூனைகள் எங்களுடையவை அல்ல. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மயிலாப்பூரில் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடினபோது விட்டுவிட்டுப் போனவை. ஆட்கள் திரும்பி வந்தும் இவை எங்கள் வீட்டை விட்டு நகரவில்லை. விரட்டுவோம் என்றால் அம்மா விடவில்லை.

"பூனை போச்சுன்னா எலி வந்து ரேஷன் அரிசியைத் தின்னுண்டு போகும். அப்புறம் ஆத்துல எல்லாருக்கும் உன் இலையைத்தான் வடிச்சுப் போடணும்."

கூடத்தில் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் எப்போதும் ஈரமணல் பரப்பியிருக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். தொட்டியை அதன் பக்கத்தில் வைத்தேன். மண் காயாமலிருக்க மேலே பச்சிலை பரப்ப வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கொல்லையில் குப்பைமேனி மண்டிக் கிடந்தது. ஒரு பிடி வேரோடு பிடுங்கி, கசக்கி, தொட்டி மண்மேல் மெத்தை மாதிரி பரப்பினேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

அன்று மத்தியானமே கறுப்புப் பூனை தொட்டிக்குள் இருந்தது.

தொட்டியைச் சுற்றி முள் வைத்தேன், தாண்டிற்று. முக்காலி மேல் ஏற்றினேன், மூன்றும் ஏறின. மிளகாய்ப்பொடி தூவினேன், பூனை ஒரு தும்மல், நான் பதினைந்து. கால் மணிக்கு ஒருதரம் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவை கலைத்துப்போட்ட பச்சிலையை அள்ளி எறிந்துவிட்டு, மறக்காமல் புதிதாகக் குப்பைமேனி பிடுங்கிப் பரப்பினேன். மண் காய்ந்துவிடக் கூடாதே!

ஒரு வெள்ளிக்கிழமை கம்பிவலை கிடைக்குமா என்று லஸ் கடைத்தெரு வரை நடந்தேன். யுத்த காலத்தில் கம்பிவலையா? கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையே பதில். திரும்பி வந்தால் கூடமெல்லாம் மண். தொட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. தண்டு நசுங்கி, இரண்டு இலைகள் கூழாகியிருந்தன. மூன்றாவது நான்கு துண்டாய்க் கிழிந்திருந்தது. கல்லூரி திறக்க இன்னும் ஏழு வாரம்.

கோபத்தில் அந்தப் பச்சிலைக் குப்பையை வாரி முற்றத்தில் வீசினேன். பூனைகள் மூன்றும் என்னைத் தாண்டிப் பாய்ந்தன. வேரில் முகத்தைத் தேய்த்தன, மல்லாந்து புரண்டன, கண் செருகின. நான் துடைப்பத்தோடு ஓடினேன்.

முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா பாப்பா, நீயே விருந்து வெச்சிட்டு நீயே அடிக்கப் போறியே! அந்த வேருன்னா பூனைக்கு உசிரு. கள்ளு குட்சாப்பல ஆயிடும். காலேஜுல இத்த சொல்லிக் குடுக்கலியா?"

சொல்லிக் கொடுக்கவில்லை. குப்பைமேனியை நான் அழுத்திக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டி, லத்தீன் பெயர் எழுதி, ஆசிரியையிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். எதிரே மூன்று பூனைகள் தினமும் பாடம் நடத்தியிருக்கின்றன. நான் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.

கிழிந்த இலையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பெகோனியா நரம்பு வெட்டுப்பட்ட இடத்தில் துளிர்க்கும் என்று வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. நான்கு துண்டுகளையும் பானை அடியில் ஈரமணல்மேல் படியவைத்து, அம்மாவின் கொண்டை ஊசிகளால் குத்தி நிறுத்தினேன். தினம் காலையில் கொல்லையின் கடைசி மூலையில் ஒரு குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டேன். பூனைகள் அங்கேயே கிடந்தன.

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு துண்டுகளை நானே கொன்றேன்: வேர் விட்டதா என்று நாள்தோறும் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் அழுகிவிட்டன. மூன்றாவது தானாகக் கருகியது. நான்காவதைத் தொடாமலிருக்க, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்னடி, போலீஸ்காரன் மாதிரி நடக்கறே? கொண்டை ஊசி எப்போ திரும்பி வரும்?" என்பாள் அம்மா.

கல்லூரி திறக்க மூன்று நாள் இருக்கையில் அப்பா தண்ணீர் மொள்ள வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"இதென்ன, பாசியா?"

நகத்தால் கிழிபட்ட ஒரு நரம்பின் ஓரத்தில், கடுகளவில், சிவப்பாகச் சுருண்டு ஏதோ நின்றது. நானும் மண்டியிட்டேன். சுருளுக்குள் வெள்ளியாய் ஒரு கோடு தெரிந்தது.

"இலை" என்றேன்.

அப்பா இன்னும் குனிந்து பார்த்தார். "அந்தச் செடி எங்கே? இது வேறயாச்சே" என்றார்.

"அதுவேதான்ப்பா."

செம்பை வைத்துவிட்டு அலமாரிச் சாவியைத் தேடப் போனார். "பேனாவில் மை இருக்கா பாரு" என்றார் உள்ளேயிருந்து. பேனாவை எடுக்க ஓடினவள் பாதியில் திரும்பி, முதலில் கொல்லைக் கதவைச் சாத்தினேன்.