படி தாண்டாத தாயாரும் என் வேலையும்

தாயாரை நம்பி இதைப் படிக்கிற எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் ரெங்கநாயகி. வீடு திருவெறும்பூர். பள்ளியில் சேர்த்தபோதே அப்பா 'ர' போடாமல் 'ரெ' போட்டுவிட்டார். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு ரெங்கராஜன், ரெங்கசாமி உண்டு. யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடமாக எனக்கு வேலை இல்லை. கல்லூரிக்கே வந்து தேர்ந்தெடுத்த கம்பெனி, பிறகு ஆள் வேண்டாம் என்று கையை விரித்துவிட்டது. இன்டர்வியூவுக்கு அலைந்து செருப்புதான் தேய்ந்தது. அனுபவம் இருக்கிறதா என்பார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? அப்பா வேலை பார்த்த பட்டறையிலும் ஆர்டர் இல்லாமல் ஆட்களைக் குறைத்தார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்குச் சாப்பிடவே கூசியது.

போன ஐப்பசியில் சென்னைக் கம்பெனி ஒன்றில் தேர்வானேன். "இந்த வாரம் மெயில் வரும்" என்று சொல்லி, போனிலேயே மெயில் முகவரியைக் கேட்டுக்கொண்டார்கள். என் பெயர்தான் முகவரி, எழுத்துக் கூட்டிச் சொன்னேன். வாரம் போனது, மெயில் வரவில்லை. போன் செய்தால் எடுக்க ஆளில்லை. "இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, கேட்பதையும் நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருப்பதே பாரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். தாயார் சன்னதியில் கும்பிடத் தோன்றவில்லை, சண்டை போடத்தான் தோன்றியது. ஸ்ரீரங்கத்துத் தாயார் ரங்கநாயகி தன் சன்னதியை விட்டுப் புறப்படுவதில்லை. பெருமாள்தான் அவளைத் தேடி வரவேண்டும். படி தாண்டாதவள் என்று பெருமையாகச் சொல்வோம். அன்றைக்கு அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உன் பேரை வச்சுக்கிட்டு ஊர் ஊரா அலையறேன். நீ படி தாண்ட மாட்ட. அப்ப எனக்குன்னு யாரு வருவா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பயந்து தள்ளிப் போனார்.

வெளியே வந்து, அணைத்து வைத்திருந்த போனைப் போட்டதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ரெங்கநாயகிங்களா? நான் ரங்கநாயகி பேசறனுங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அவர் கோயம்புத்தூரில் நர்ஸ். "உங்க வேலை ஆர்டர் என் மெயிலுக்கு வந்து கெடக்குதுங்க. டூட்டில கவனிக்கவே இல்ல. அதுல உங்க நம்பர் இருந்துச்சு. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள சம்மதம் சொல்லோணுமாங்க, வெரசாப் பண்ணுங்க."

கம்பெனியில் என் பெயரை எல்லோரும் எழுதுகிற மாதிரி 'ர' போட்டு அடித்து, மெயிலை அந்த அக்காவின் முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள். படி தாண்டாதவள் தன் பெயர்க்காரியை அனுப்பிவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த அக்கா அனுப்பிய மெயிலைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே கம்பெனிக்குச் சம்மதம் அனுப்பினேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர், "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே அழுதேன்.

இப்போது அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன். எனக்கும் யார் யாருக்கோ வரவேண்டிய மெயில்கள் தவறி வரும். முன்பு படிக்காமலே அழித்துவிடுவேன். இப்போது உரியவரைத் தேடிச் சொல்லாமல் விடுவதில்லை. அங்கேயும் ஒரு அப்பா கேட்பதை நிறுத்தியிருக்கலாம்.

வேலை தேடி நொந்துபோயிருக்கிற தம்பி தங்கைகளே, தாயாரிடம் போங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் சண்டை போட்டாவது கேளுங்கள். நான் கேட்ட கேள்விக்கே அவள் கோபித்துக்கொள்ளவில்லை.