அமாவாசைக்கு மட்டும் மாத்திரை

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனிடம், டாக்டரிடம் கேட்கப் பயந்த கேள்விகள் எல்லாம் வந்து சேரும். எழுபதுகளில் திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். நீங்களும் ஏதாவது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்குப் பதில் சொன்னவர் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும். எத்தனையோ பேர் வந்து போனார்கள். எனக்கு மறக்காதவர்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைத்த அஞ்சலையும் அவள் மகள் காஞ்சனாவும்தான்.

போன காய்ச்சல்

காஞ்சனாவுக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, பிழைத்து வந்தாள். இரண்டு வருஷம் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு திடீரென்று வலிப்பு. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். அஞ்சலை சீட்டோடு நேரே என்னிடம் வந்தாள். "காய்ச்சல் போயி ரெண்டு வருசம் ஆவுது சார். இப்ப எப்படி அதால வலிப்பு வரும்?"

டாக்டர் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். காய்ச்சலில் மூளை வீங்கியது. வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் உள்ளே பட்ட காயம் தழும்பாக நின்றுவிட்டது, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்ப என் மூஞ்சி மாதிரிதான் எம்பொண்ணு மூளையும் இருக்குங்களா சார்?"

சாவி மழை

ஒரு நாள் வராந்தாவில் காத்திருக்கும்போதே காஞ்சனாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. வீட்டுச் சாவி, சைக்கிள் சாவி, கடைச் சாவி என்று ஆளாளுக்கு எடுத்து நீட்டினார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இத்தனை வருஷம் மருந்தோடு குடித்தனம் நடத்திய நானும் ஓடிப்போய் மருந்து அலமாரிச் சாவியை அவள் கையில் திணித்தேன். டாக்டர் வந்து எல்லோரையும் விலக்கி, பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரம் நுரையைத் துடைத்தார். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

அவரவர் சாவியை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள். என் சாவியையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டிய அலமாரி முன்னால் நான் விழிக்க, வரிசை வாசல் வரை நீண்டது. டாக்டர் சொன்னார்: "சாவி குடுத்து வலிப்பு நிக்கும்னா, நான் எதுக்குய்யா இவ்ளோ படிச்சேன்? பூட்டுக்கடை வச்சிருப்பேனே!"

மிச்சம் வந்த மாத்திரை

இரண்டு மாதத்து மாத்திரை வாங்கிப்போன அஞ்சலை மூன்றாம் மாதம் வந்தாள். காஞ்சனாவின் நெற்றியில் கட்டு. வலிப்பு ஜாஸ்தியாகி, கிணற்றடியில் விழுந்திருக்கிறாள். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கிணற்றுக்குள்தான். டப்பாவை வாங்கித் திறந்தால் மாத்திரை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. விசாரித்தால், வலிப்பு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் வரும் என்று ஊரில் சொன்னார்களாம். அந்த இரண்டு நாள் மட்டும் கொடுத்திருக்கிறாள்!

வந்ததே எனக்குக் கோபம். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தித் தீர்த்துவிட்டேன். அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்: "வேணும்னா பண்ணேன் சார்? வராத நாள்ல புள்ளைக்கு எதுக்கு மருந்து, ஒடம்பு சூடாயிடுமேன்னு பாத்தேன்."

வாத்தியார் மேசை

கத்தியது எனக்கே உறுத்தியது. மருந்துக் கம்பெனி கொடுத்த தினசரிக் காலண்டர் ஒன்றை அவளிடம் கொடுத்து, "மாத்திரை உள்ளே போன பிறகுதான் தாளைக் கிழிக்கணும். கிழிச்ச தாளை மாசாமாசம் எனக்குக் காட்டணும்" என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தாள் கிழிக்கத் தெரியும். மாதம் தவறாமல் வாழைநாரில் கட்டிய தாள்கள் ஜன்னல் வழியே வந்தன. அமாவாசைத் தாளும் மற்ற தாளும் ஒன்றாக, ஒரு நாள் விடாமல். வலிப்பு கம்மியாகி, பிறகு நின்றே போனது.

மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று காஞ்சனாவைப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வலிப்பு நின்ற பிறகு சேர்ந்த ஆறு மாதக் கட்டுகளையும் அஞ்சலை என்னிடமிருந்து வாங்கிப்போய் வாத்தியார் மேசையில் வைத்திருக்கிறாள். திரும்பி வந்து பெருமையாகச் சொன்னாள்: "இத்தினி நாளா வரல, எண்ணிப் பாருங்கன்னேன் சார். எண்ணல, உள்ள உக்காருன்ட்டாரு."

நிறுத்தலாம்

நாலு வருஷம் ஒரு வலிப்பும் இல்லை. மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானே ஜன்னலை விட்டு வெளியே வந்து அஞ்சலையிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. டப்பாவை இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டு கேட்டாள்: "வரலன்னு நான் நிறுத்துனா தப்பு, நீங்க நிறுத்துனா வைத்தியமா சார்?"

பாதி, கால் என்று ஒரு வருஷம் குறைத்து ஒருவழியாக நிறுத்தினோம், வலிப்பும் திரும்ப வரவில்லை என்றாலும், அஞ்சலையை மாத்திரை கொடுக்க வைக்க நான் பட்ட பாடு, அதை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கப் பட்ட பாட்டில் கால்வாசி கூட இல்லை.